குறுக்கே பேச ஒரு ஹார்ட் டிஸ்க்

என் மனைவி அரசாங்கக் கந்தோரில் தமிழ்த் தட்டச்சாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளைவிட வேகமாக அடிக்கிறவர்கள் கண்டியில் இருந்திருக்கலாம், நான் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற மறு வருடம் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். பேராதனை ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அதற்கு நான் சாகும்வரை நன்றியோடு இருப்பேன். ஆனால் அன்றோடு வீட்டில் அவளுடைய பேச்சு நின்றுபோனது.

வீட்டில் கிடந்த பழைய கணினியில் மகள் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். தமிழில் அடித்து ஒரு விசையைத் தட்டினால் அதை ஒரு பெண் குரல் வாசிக்கும். கைபேசியிலும் செய்து பார்த்தோம். பத்து விரலால் அடித்துப் பழகியவளுக்கு அந்தச் சின்னக் கண்ணாடியில் ஒற்றை விரலால் குத்துவது வேலைக்கு ஆகவில்லை. கைபேசியைத் தூக்கி அலுமாரிக்குள் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கணினிதான் அவளுக்கு வாய்.

அந்த வாய் மகா சோம்பேறி. அவள் அடித்து முடித்து விசையைத் தட்டியதும் பெட்டிக்குள் எதையோ கறகறவென்று தேடும். திரையில் வட்டம் சுற்றும். நாங்கள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சாப்பிடக் கூப்பிட்டால், சோறு ஆறிய பிறகு ஹாலிலிருந்து "இதோ வர்றேன்" என்று குரல் கேட்கும். முதலில் சிரித்தோம். பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நானே ஊகித்து, குரல் வருவதற்கு முன்பே பதில் சொல்லத் தொடங்கினேன். பாதி நேரம் என் ஊகம் சரியாக இருக்கும். மீதி நேரம் அவள் முறைப்பாள்.

இந்த நிலையில்தான் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மகள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, அவருடைய அப்பாவுக்குக் கடுகண்ணாவையில் ஹார்ட்வெயார் கடை. நம் ஆட்கள், நம் மாதாகோயில் வழக்கம் தெரிந்தவர்கள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதற்கு முன் இரண்டு இடங்களில், அம்மாவுக்குப் புற்றுநோய் என்று கேட்டதுமே பேச்சு நின்றுபோயிருந்தது. அதனால் இந்த முறை 'தொண்டையில் ஒரு ஆபரேஷன்' என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன்.

மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் முதல் தடவை வந்தபோது மனைவி கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேசை சுவரைப் பார்த்துக் கிடந்ததால் அவளுடைய முதுகுதான் வந்தவர்களுக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மகள் வேலைக்குப் போவதைப் பற்றிப் பேச்சு வந்தது. அவள் உடனே அடித்தாள். வட்டம் சுற்றியது. பேச்சு அங்கிருந்து துபாய் வெயிலுக்குப் போய், அங்கிருந்து மாப்பிள்ளையின் அப்பாவுடைய முழங்கால் வலிக்கு வந்து, எந்த எண்ணெய் நல்லது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது குரல் வந்தது: "அதுக்கு உங்க மகன் சம்மதிப்பாரா?" எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அவள் கையை நீட்டி ஸ்பீக்கரை நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் அடிக்கவில்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பவளைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. வேண்டியதைக் கையால் காட்டினாள், மற்றதை விட்டுவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் தெல்தெனியவில் இருக்கிற அவளுடைய சொந்தக்காரி ஒருத்தி ஒரு செய்தி அனுப்பினாள். அதே மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு பெண்ணைப் பேசி முடித்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். காரணம் அவளுக்குத் தெரியவில்லை. மனைவி அந்தச் செய்தியை என்னிடம் காட்டிவிட்டு, ஒரு கடுதாசியில் எழுதினாள்: ஞாயிற்றுக்கிழமை வர்றப்ப நான் இதைக் கேக்கணும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வெற்றிலைத் தட்டோடு வருவதாக இருந்தது. தட்டு மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் யாரும் எதையும் கேட்க முடியாது, கேட்டால் வாக்குத் தவறியவர்கள் என்ற பெயர் நமக்குத்தான் வரும். இப்படியெல்லாம் கேட்டால் சம்பந்தம் கையை விட்டுப் போய்விடும் என்று நான் சத்தம் போட்டேன். பிறகு இறங்கி வந்து, கடுதாசியில் எழுதிக் கொடு, நானே பக்குவமாகக் கேட்கிறேன் என்றேன். அவள் அதே கடுதாசியின் மறுபக்கத்தில் எழுதினாள்: நீங்க வாசிச்சா மாத்தி வாசிப்பீங்க.

எனக்குச் சுருக்கென்றது. மகள் அம்மாவின் பக்கம் நின்றாள். "அம்மா கேக்க வேண்டியதைக் கேக்கட்டும். அதுக்குப் பிறகுதான் நான் சரின்னு சொல்வேன்" என்றாள். கணினியின் ஹார்ட் டிஸ்க் பழையது, அதை மாற்றினால் குரல் உடனே வரும் என்று சொன்னதும் அவள்தான்.

மறுநாளே டவுனுக்குப் போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கணினிக் கடை. இருப்பதிலேயே வேகமானதைக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் என்ன மெஷின் என்று கேட்டார். மெஷின் எதுவாக இருந்தால் என்ன, வேகம்தான் முக்கியம் என்று அவரை அடக்கினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, சுவிங்கம் அளவில் ஒரு தகட்டை எடுத்துக் கொடுத்தார். ஊரிலேயே வேகமான டிஸ்க்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மகள் பெட்டியைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்து, நிமிர்ந்தாள். "அப்பா, இதைச் சொருக இதுல எடமே இல்ல" என்றாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

சனிக்கிழமை பெட்டியையே மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். கடைக்காரருக்கு ஒரே குஷி. இந்தப் பழசை வீசிவிட்டு முழுசாகப் புதுக் கணினி வாங்கும்படி சொல்ல ஆரம்பித்தார். மறுத்தேன். அந்தப் பழைய டிஸ்க்குக்குள் மென்பொருள் மட்டும் இல்லை. எங்கள் ஆட்களின் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், வீட்டுப் பேச்சு எல்லாவற்றையும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள் ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மாதக்கணக்கான வேலை. அது போனால் யாரோ ஒருத்தியின் குரல்தான் மிஞ்சும். கடைசியில் அவர் அந்தத் தகட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, சிகரெட் பெட்டியைவிடத் தட்டையான ஒரு எஸ்.எஸ்.டி. டிஸ்க்கை எடுத்து வைத்தார். தகட்டின் வேகம் இதற்கு வராது, ஆனால் பழைய மெஷினில் பொருந்தும், பழைய டிஸ்க்கோடு ஒப்பிட்டால் பறக்கும் என்றார். பழையதில் இருப்பதை அப்படியே இதற்குள் கொப்பி பண்ணித் தருவதாகவும் சொன்னார்.

பழைய டிஸ்க்கை வெளியே எடுத்து வயரில் மாட்டியதும் அது டக், டக் என்றது. கடைக்காரர் காதை அருகில் கொண்டுபோனார். அவருடைய முகம் மாறியது.

"சேர், இது சாகப் போற டிஸ்க். கொப்பி ஆகுறதுக்குள்ள செத்தாலும் சாகும். பொறகு என்னையக் கொறை சொல்லப்படாது."

செய்யாமல் திரும்பக் கொண்டுபோகவா என்று கேட்டேன். கொண்டுபோனாலும் நாளைக்கு இது எழும்பும் என்று சொல்ல முடியாது என்றார். செய்யுங்கள் என்றேன்.

திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. இடி விழுந்ததும் கரண்ட் போனது. யூ.பி.எஸ். கீச்சென்று கத்தத் தொடங்கியது, இருட்டில் அந்தப் பச்சைக் கோடு மட்டும் தெரிந்தது. அதன் பெட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்றார் கடைக்காரர். கோடு பாதியைத் தாண்டி அப்படியே நின்றுவிட்டது. டிஸ்க் டக், டக் என்றது. நான் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். மனதுக்குள் சொல்வதாக நினைத்தேன், வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவளுடைய குரல் ஒரு முறை போனது, இன்னொரு முறை அதை நானே கொண்டுவந்து தொலைக்கப் போகிறேன் என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. கோடு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. கரண்ட் வந்தபோது கோடு முனையைத் தொட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, மகள் வயர்களை மாட்டி, பொத்தானை அழுத்தினாள். நான் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். விசைகள் படபடத்தன. அந்தச் சத்தம் அடங்கும்போதே குரல் வந்தது: "நல்லா நனைஞ்சிட்டீங்களா?" கறகறப்பு இல்லை, வட்டம் இல்லை. நான் சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு, நாளைக்கு அந்தத் தெல்தெனியக் கதையை மட்டும் எடுக்காதே என்று கெஞ்சிப் பார்த்தேன். அவள் எழுந்துபோய் எனக்குத் துவாய் எடுத்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேசையைத் திருப்பிப் போட்டேன். இந்தத் தடவை அவளுடைய முகம் வந்தவர்களைப் பார்த்து இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா லேஸ் துணி போர்த்திய தட்டை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். நல்ல மனுஷி, சிரித்த முகம். கல்யாணத்தை எந்த மாதம் வைப்பது என்று பேசினோம். என் மனைவி கைகளை விசைகளின் மேல் வைத்தபடி சும்மா இருந்தாள். மனம் மாறிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அப்ப தட்ட மாத்திருவோமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். நானும் எழுந்து இரண்டு கையையும் நீட்டினேன். பின்னால் விசைகள் படபடத்தன. என் விரல் தட்டின் விளிம்பில் பட்டபோது குரல் வந்தது.

"கொஞ்சம் இருங்க. தெல்தெனியவுல உங்க மகனுக்குப் பேசி முடிச்ச பிள்ளைய ஏன் விட்டீங்க?"

மாப்பிள்ளையின் அப்பா தரையைப் பார்த்தார். அந்த அம்மா தடுமாறவில்லை.

"மறைக்க என்னங்க இருக்கு. அந்தப் பிள்ளைக்குக் கழுத்துல ஒரு கட்டி. டொக்டர் பயமில்லேன்னுதான் சொன்னாரு. ஆனாலும் நாளைக்கு என்னாகுமோன்னு வேணாம்னுட்டோம். யாரா இருந்தாலும் அதத்தானே செய்வாங்க?"

நான் தலையாட்டினேன். தட்டு இன்னும் எங்கள் இருவர் கையிலும் இருந்தது. பழைய டிஸ்க்காக இருந்திருந்தால் நான் அடுத்துச் சொல்ல வந்ததை முடித்திருப்பேன், தட்டும் மாறியிருக்கும். "நம்ம வீட்டுல அந்த மாதிரி ஒண்ணும்" என்று தொடங்கினேன்.

"எனக்கு வந்தது கேன்சர்" என்றது குரல்.

அந்தக் குரலில் கோபம் இல்லை, தயக்கமும் இல்லை. மெஷின் குரல்தானே. கோபமெல்லாம் அவள் முகத்தில் இருந்தது. அவர்கள் அதை உள்வாங்கிக்கொள்வதற்குள் விசைகள் மறுபடி படபடத்தன. "மகளுக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு என்னாகும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டு எடுக்கிறதுன்னா எடுங்க."

தட்டு என் விரலைவிட்டு மெதுவாக விலகியது. அந்த அம்மா லேஸ் துணியைச் சரிசெய்தார். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் போனார்கள். வாசல் கேற்றடியில் மாப்பிள்ளையின் அப்பா மட்டும் எனக்குக் கை கொடுத்தார்.

நான் உள்ளே வந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. மழையில் நனைந்து, பெட்டியைச் சுமந்து, ஜெபம் சொல்லி நான் கொண்டுவந்த வேகம் என் மகளின் கல்யாணத்தையே வாரிக்கொண்டு போய்விட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். மகள் ஒருவரும் குடிக்காத தேத்தண்ணியை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மனைவிக்கு முன்னால் போய் நின்றேன். "நீ கொஞ்சம் பொறுத்திருந்தா" என்று ஆரம்பித்தேன்.

"ஒரு வருஷமா பொறுத்துப் பொறுத்துத்தான் பேசினேன்" என்றாள்.

என் வாக்கியம் பாதியில் நின்றது. கல்யாணமாகி இத்தனை காலம் என்னை நடுவில் வெட்டிப் பேசிக்கொண்டிருந்தவள் அவள். அது நின்றுபோய் ஒரு வருடம் ஆகியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். மகள் தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் பேசும்மா" என்றாள்.