அம்மா வாய் திறக்கவில்லை

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட வேண்டும், காலி செய்யுங்கள் என்று வீட்டு ஓனர் எங்கள் மேல் வழக்குப் போட்டிருந்தார். தொண்ணூறுகளில் அந்தப் பக்கம் எல்லா ஓனருக்கும் இந்த வியாதி பிடித்திருந்தது. அப்பா இல்லை. வாசல் அறையில் அம்மா ரவிக்கை தைத்தால்தான் எங்களுக்குச் சோறு. தெருவை விட்டுப் போனால் வாடிக்கை போய்விடும். அப்புறம் நாங்கள் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

எங்கள் வக்கீலுக்கு லஸ்ஸில் ஆபீஸ். நல்ல மனுஷர், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் கிடையாது. நாங்கள் முதலில் போனபோது ஜூனியர்கள் இருந்தார்கள், டைப் அடிக்க ஓர் அம்மாள் இருந்தார். வக்கீல் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டால் இங்கே ஒரு ஜூனியர் எழுந்து 'பாஸ் ஓவர்' கேட்பார். சீனியர் வந்துகொண்டிருக்கிறார், கேஸைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம். அப்படித் தள்ளித் தள்ளித்தான் வீடு எங்கள் கையில் இருந்தது.

பிறகு ஆபீஸ் வாடகை ஏறியது. எங்களைப் போன்றவர்களின் கேஸ் கட்டுப்படியாகாமல், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் செக் ரிட்டர்ன் வழக்குகளை மொத்தமாக எடுத்தார். கம்பெனிக்காரன் கத்தரிக்காய்க்குப் பேசுகிற மாதிரி பேரம் பேசி வருஷா வருஷம் ரேட்டைக் குறைத்தான். இவர் முடியாது என்றால் வேறு வக்கீல் தயார். டைப் அடித்த அம்மாள் போனார், ஜூனியர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கேஸ் கட்டுக் கட்டாக வந்தது. கோர்ட்டில் நிற்கத்தான் ஆளில்லை.

எங்கள் வழக்கு வந்த அன்றைக்கு வக்கீல் சைதாப்பேட்டையில் கம்பெனி கேஸ்களில் இருந்தார். எங்களுக்குப் பாரிமுனை கோர்ட். அம்மாவும் நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கோர்ட்டுக்கு உள்ளே வாயைத் திறக்கக் கூடாது, எதையாவது உளறினால் கேஸ் கெட்டுவிடும் என்று அவர் தன் கட்சிக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லுவார். அம்மாவுக்கு அது சாமி வாக்கு.

டவாலி அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். நான் எழப் போனேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் கூப்பிட்டார். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரதிவாதி ஆஜராகவில்லை என்று எழுதி, வீட்டைக் காலி செய்ய உத்தரவு போட்டுவிட்டு, நீதிபதி அடுத்த கேஸ் கட்டை எடுத்தார். ஆஜராகாதவள் அவருக்கு எதிரேயே முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் மூச்சிரைக்க வந்தார். வராந்தாவில் அம்மாவிடம், "இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"நீங்கதான சார் வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்க."

அவர் கோட்டைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. முகத்தைப் பார்த்தால் அதற்கும் மனசு வரவில்லை. உத்தரவை ரத்து செய்ய மனு போடலாம், பயப்படாதீர்கள், ஃபீஸ்கூட வேண்டாம் என்றார்.

அம்மா ஃபீஸைப் பற்றிப் பேசவில்லை. "மனு வர்ற அன்னிக்கு இங்க யாரு சார் நிப்பாங்க?" என்று கேட்டாள்.

அவர் டைரியைப் பிரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.