அன்று காரைத் தட்டியவர்

போன வருஷம் ஆடி மாசமுங்க. திருப்பூர் வேலம்பாளையத்துல, எங்க ஊட்டு வாசல்லயே நடந்தது.

எங்க ஊர்ல கார் செட்டுக்குள்ள கார் நிக்காதுங்க. ஊடு கட்டறப்ப ஆசையா செட்டு போடுவோம். முதல் ஆர்டர் கைக்கு வந்ததும் அதுக்குள்ள ஓவர்லாக், பேட்லாக்னு தையல் மிஷின் ஏறிரும். எங்களுதும் அப்படித்தான். நானும் என்ற ஊட்டுக்காரரும் கொஞ்சம் ஆளுகளை வெச்சு பனியன் தெச்சுக் குடுக்கறோம். அதனால கார் ரோட்டுலதான் நிக்கும். துணிக்கட்டு ஏத்துன டெம்போவும், முன்னாடி பின்னாடி மூட்டை கட்டுன மொபெட்டுமா போற சந்து அது. வாங்குன சூட்டோடயே காருக்கு ரெண்டு பக்கமும் கோடு விழுந்துருச்சு.

என்ற ஊட்டுக்காரரு ஒரு வார்த்தை யாரையும் கேக்க மாட்டாருங்க. அவருக்கும் சேத்தி வாயை எனக்கே குடுத்துட்டான் ஆண்டவன். நான் தெனமும் பொலம்பறதைக் கேக்க முடியாம, கார் முன் கண்ணாடியில ஒட்டுற கேமரா ஒண்ணு வாங்கி மாட்டுனாரு. கார் சும்மா நிக்கறப்பவும் அது முழிச்சிருக்கும். யாராவது இடிச்சாலோ தட்டுனாலோ ஊட்டு வைஃபை வழியா போனுக்கு வீடியோ வந்துரும். அவரு போனை எங்கியாவது வெச்சுட்டுத் தேடற ஆளு. அதனால என்ற போன்லயே போட்டுக் குடுத்துட்டாரு.

அப்புறம் கேக்கணுமா? போன் கிணுங்குனா போதும், தெச்சுட்டிருக்கற பீஸை அப்படியே போட்டுட்டு வெளிய ஓடுவேன். பந்து பட்டாலும் சத்தம், பூனை குதிச்சாலும் சத்தம். தெருவே சிரிச்சுது. "காரைத் தொட்டுறாதீங்க, அந்தக்கா வந்துரும்"னு பக்கத்து கம்பெனிப் பொண்ணுக என் காது படவே பேசும்.

அதுல ஒருத்தி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. எங்க தெருக்கோடி லைன் ஊட்டுல குடியிருந்துட்டு, பக்கத்து கம்பெனியில செக்கிங் வேலை பாக்கறவ. ஒரு நாள் மத்தியானம் சோத்துப் பையை எங்க கார் மேல வெச்சுட்டு அவுந்த முடியைக் கட்டிட்டு இருந்தா. போன் கிணுங்கிருச்சு. நான் போய் கத்துன கத்துல, பாவம், முடியைக் கூட முடியாமப் போயிட்டா. அதுக்கப்புறம் எதிர்ப்பக்கமாவே நடப்பா.

அன்னிக்கு எங்களுக்கு சரக்கு அனுப்பற நாளுங்க. அத்தனை மிஷினும் ஓடுது, பக்கத்துல இருக்கறவங்க பேசுனாலே கேக்காது. வெயிலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கி விட்டிருந்தோம். ஊட்டுக்காரரு காலையில இருந்து சரியாச் சாப்பிடலை. "டிக்கியில கொஞ்சம் எடத்தை ஒழிச்சுட்டு வர்றேன்"னு கார் சாவியை எடுத்துட்டு வெளிய போனாரு.

கொஞ்ச நேரத்துல போன் கிணுங்குச்சு. வேலை அவசரத்துல கண்டுக்கலை. மறுபடியும் கிணுங்குச்சு. எடுத்துப் பாத்தா வீடியோவுல ஒரு ஆளும் இல்லை, காருக்கு முன்னாடி வெறும் ரோடுதான் தெரியுது. வெச்ச கை எடுக்கறதுக்குள்ள மறுபடியும். யாரோ வேணும்னே வம்பு பண்றாங்கன்னு எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். "யாரது, காரை ஒடைக்கறது?"ன்னு கத்திட்டே ஷட்டருக்கு அடியில குனிஞ்சு வெளிய வந்தேன்.

காருக்கும் எங்க ஊட்டுக் காம்பவுண்டு செவத்துக்கும் நடுவால, மண்ணுல அந்தத் திருநெல்வேலிப் பொண்ணு உக்காந்திருக்கறா. அவ மடியில என்ற ஊட்டுக்காரரு. மூஞ்சியெல்லாம் வேர்த்து வெளுத்துப் போயி, நெஞ்சைப் புடிச்சுட்டு கெடக்கறாரு. ஒரு கையில அவரு தலையத் தாங்கிட்டு, இன்னொரு கையில இருந்த டிபன் பாக்ஸால அவ கார்க் கதவை அடிச்சுட்டே இருக்கறா.

உள்ள ஓடி மிஷினை நிறுத்தச் சொல்லிக் கத்துனேனுங்க. துணி வெட்டற எங்க கட்டிங் மாஸ்டர்தான் ஓடி வந்து காரை எடுத்தாரு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு பின்னாடி சீட்டுல அவரு காலைத் தேச்சுட்டே வந்தா. மாரடைப்பு. நேரத்துல கொண்டு வந்ததாலதான் ஆளைக் காப்பாத்த முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னதும், வராண்டான்னும் பாக்காம அழுதுட்டேன். கண்ணைத் தொடச்சுட்டுத் திரும்பிப் பாத்தா அந்தப் பொண்ணு சொல்லாமக் கெளம்பிட்டா.

அடுத்த நாள் மாத்துத்துணி எடுக்க ஊட்டுக்கு வந்தேன். மிஷின் எல்லாம் நின்னு போயி ஊடே அமைதியா இருந்துச்சு. அப்பத்தான் அந்த வீடியோக்களைச் சத்தத்தோட கேட்டேன். படத்துல அதே வெறும் ரோடு. சத்தத்துல மட்டும் "அக்கா, அக்கா"ன்னு தொண்டை கிழியக் கூப்பிடறா. யாரும் வரலை. பெறகு அழுதுட்டே சொல்றா, "ஏக்கா, ஒங்க காரைப் போட்டு அடிக்கேன்! நல்லாப் பாருங்க, காரை அடிக்கேன்! வாங்கக்கா!"

திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேனுங்க. மனுசங்க கூப்பிட்டா எனக்குக் கேக்காது, காரைத் தொட்டா வருவேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. எதிர்ப்பக்கம் சாக்கடை வேலைக்காக மண்ணை நோண்டிப் போட்டிருந்தாங்க. அன்னிக்கு அவ எங்க பக்கமா வந்ததே அதனாலதான். இல்லாட்டி கார் மறைவுல அவரு கெடந்தது யாரு கண்ணுலயும் பட்டிருக்காது.

துணிப் பையோடயே அவ ஊட்டுக்குப் போனேன். என்னையப் பாத்ததும் அவ பதறி எந்திரிச்சு நின்னா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, "கதவு நசுங்கிட்டுக்கா, ஒண்ணும் நெனைச்சுக்காதிய"ன்னா.

துணிப் பையைக் கீழ போட்டேனுங்க. அவ ரெண்டு கையையும் புடிச்சு என் கண்ணுல ஒத்திக்கிட்டேன். "சாமி, நீ நல்லா இருக்கோணும்"னு சொல்றதுக்குள்ள ரெண்டு பேருமே அழுதுட்டோம்.

இன்னிக்கு என்ற ஊட்டுக்காரரு, குழம்புல எண்ணெயே இல்லைன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு எதுத்தாப்புல உக்காந்திருக்கறாரு. பாக்கப் பாக்க சந்தோசமா இருக்குது. கேமராவும் அதே எடத்துலதான் இருக்குதுங்க. இப்பவும் போன் கிணுங்குனா வேலையப் போட்டுட்டு ஓடித்தான் போறேன், பாவம் யாரு கூப்பிடறாங்களோன்னு.