எத்திராஜின் முதுகுக்கு ஒன்பது பிளாச்சு

போன திங்கட்கிழமை ஒரு மனிதன் நேராக நின்றதைப் பார்த்தேன்.

அவ்வளவுதான் விஷயம். ‘இதை எழுதவா வாராவாரம் இந்த இடத்தை உமக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை... என்ன செய்ய?

முதலில் என் முதுகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தங்கவயலில் ஒரு சுரங்க ஆபீஸில் நான் ரைட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்களின் பெயரைப் பதிவது வேலை. வெள்ளைக்கார டாக்டர் துரைக்குத் தமிழ் வராது; அவர் ஆட்களைப் பரிசோதிக்கும் நாளில் மொழிபெயர்ப்பதும் நான்தான். எழுதும்போது என் மூக்குக்கும் மேஜைக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. மின்சார விளக்கு வந்தால் நிமிர்ந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தேன். விளக்கு வந்துவிட்டது. நான்தான் நிமிரவில்லை.

சும்மா இருந்தேனா? இல்லை! மதராஸிலிருந்து தபாலில் ஒரு தோல் வார் தருவித்தேன் — இரண்டு தோளையும் பின்னால் இழுத்துப் பிடிக்கும் சங்கதி. மூன்று நாள் போட்டேன். அக்குள் கன்றிப்போனது. இப்போது அந்த வார் என் டிரங்குப் பெட்டியைக் கட்டியிருக்கிறது. பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

எத்திராஜுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழிக்குள் பாறையில் துளை போடுகிற ஆள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். நாலு மாதத்துக்கு முன்பு பூமிக்கடியில் ஒரு லெவலில், அதாவது சுரங்கப் பாதையில், வேலை செய்துகொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு கல் சரிந்து முதுகில் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அரிவாள் மாதிரி வளைந்து வெளியே வந்தான்.

டாக்டர் துரை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எலும்பு முறியவில்லை. வலிக்குப் பயந்து உடம்பு குனிந்தே பழகிவிட்டது. மூன்று மாதம் தருகிறேன். நிமிர்ந்து நின்று, துளை போடும் கம்பியைத் தோளில் வைத்து, கதவு வரை போய்த் திரும்பி வரவேண்டும். முடியாவிட்டால் பெயரை அடித்துவிடுவேன்.”

பெயரை அடித்தால் வேலை மட்டுமா போகும்? ஆட்களுக்கென்று கம்பெனி போட்டுக் கொடுத்த லைனில் இருக்கிற குடிசையும் போகும். ஊரில் எத்திராஜுக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. இதை அவனிடம் தமிழில் சொன்ன வாய் என்னுடையது.

ஒரு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அவன் குடிசையைப் பார்த்துத் திடுக்கிட்டேன். மூங்கிலைப் பிளந்த பிளாச்சுகளால் ஆன தட்டிச் சுவரில் அங்கங்கே பிளாச்சுகள் இல்லை. மார்கழிக் குளிர் உங்களுக்குத் தெரியாததா! யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“நான்தாங்க உருவுனேன்” என்றாள் அவன் மனைவி கன்னியம்மா. சுரங்கத்துக்கு வெளியே, மேலே கல் பொறுக்கும் வேலை அவளுக்கு. “ஒம்பது பிளாச்சுங்க. சீவி, கோணித்துணில வெச்சித் தைச்சி, பழைய பொடவையால அவரு இடுப்புல சுத்திக் கட்டிட்டேன்.”

“குளிராதா?”

“செவுரு போனா அப்பால கட்டிக்கலாம் ரைட்டரே. இவரு நிமிந்து நிக்கணும், அவ்ளோதான்.”

கட்டு மட்டுமில்லை. அவனுக்குப் படுக்கை டைனமைட் பெட்டிப் பலகைகள்தான். உட்காருவதற்கு முழுப் பெட்டி ஒன்று. அதன் விளிம்பில் தொங்கக்கூடாது, பின்னால் தள்ளி உட்கார வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சங்கு. ஷிஃப்ட் மாறும்போது சங்கு ஊதுகிறதே, ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் நடுத்தூணில் சாய்ந்து நிற்பான். குதிகால், இடுப்பு, தோள், பின்தலை — எல்லாம் தூணில் படவேண்டும். முதல் நாள் தலைக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சாண் இருந்ததாம். கன்னியம்மா தினமும் அந்த இடைவெளியில் கையைவிட்டு அளப்பாள். நாலு விரல், மூன்று விரல், இரண்டரை...

இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்தது. நானே பார்த்ததைச் சொல்கிறேன். ஒருநாள் மத்தியானம் சங்கு ஊதும்போது அந்தக் குடிசையைக் கடந்துகொண்டிருந்தேன். கன்னியம்மா வேலைக்குப் போயிருந்தாள். அளக்க ஆள் இல்லை, அதட்ட ஆள் இல்லை. சுவரின் இடைவெளி வழியாகத் தெரிந்தது... எத்திராஜ் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். கண்ணை மூடியிருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை, தொடை நடுங்கியது. ஆனாலும் சங்கு ஓய்ந்து வெகுநேரம் வரை அவன் நகரவில்லை. நானும்தான் நகரவில்லை. மலையைப் பார்த்து மலைப்பார்கள், கடலைப் பார்த்து மலைப்பார்கள். நான் ஒரு குடிசைக்குள் எட்டிப் பார்த்து மலைத்து நின்றேன்.

அதற்கப்புறம் தினமும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒன்றரை மாதம் போனதும், வாரத்துக்கு ஒரு பிளாச்சைக் கட்டிலிருந்து உருவி மறுபடி சுவரில் செருகினாள் கன்னியம்மா. கட்டையே நம்பிவிட்டால் முதுகு சோம்பேறியாகிவிடும் என்பது அவள் கட்சி. என் தோல் வாரை விற்றவனுக்கு இது தெரிந்திருக்குமா? சுவர் மூட மூட, எனக்கு உள்ளே தெரிவது குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

போன திங்கட்கிழமைக்கு வந்துவிட்டோம்.

டாக்டர் துரையின் அறை. சட்டையைக் கழற்றச் சொன்னார். இடுப்பில் கட்டு. “அதையும் எடுக்கச் சொல்” என்றார். சொன்னேன். எத்திராஜின் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு பிரித்து மேஜைமேல் வைத்தான். இரண்டே பிளாச்சுகள்தான் மிச்சம் இருந்தன.

துரை ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். “என்ன இது?”

“அவன் வீட்டுச் சுவர், சார். மற்றதெல்லாம் சுவருக்கே திரும்பிவிட்டது.”

அவர் அதை மேஜைமேல் வைத்தார். கம்பியைக் காட்டினார்.

எத்திராஜ் தூக்கித் தோளில் வைத்தான். கதவு வரை நன்றாகவே போனான். திரும்பும்போதுதான் வலதுதோள் சரியத் தொடங்கியது. முதுகு மெல்ல, மெல்ல மடங்கியது. கடிகாரத்தைப் பார்த்தேன். சங்கு ஊத இன்னும் பத்து நிமிஷம். ‘இன்றைக்கு மட்டும் கொஞ்சம் முன்னாலேயே ஊதித் தொலையேன்’ என்று வேண்டிக்கொண்டேன்.

ஊதவில்லை.

எத்திராஜ் அறையின் நடுவில் நின்றான். குதிகால்களைச் சேர்த்தான். இடுப்பைப் பின்னால் தள்ளினான். பிறகு தோள், பிறகு தலை — பின்னால் தூண் இருப்பது போலவே! அங்கே வெறும் காற்றுதான். கண்ணை மூடித் திறந்தான். அப்புறம் நடந்தான். பனைமரம் நடந்து வந்தது போல வந்து மேஜை முன்னால் நின்றான். எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சொல்வதில் வெட்கமில்லை.

துரை காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வாசலிலேயே நின்றிருந்த கன்னியம்மாவிடம் “வேலை கிடைச்சாச்சும்மா” என்றேன். நேரே உள்ளே வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். மேஜைமேல் இருந்த இரண்டு பிளாச்சையும் எடுத்து இடுக்கிக்கொண்டாள். “செவுத்துக்கு வேணுங்க” என்றாள்.

நான் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துரை என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அப்புறம் கொஞ்சம் உரக்கவே சொன்னார்: “இந்த அறையில் முதுகு வளைந்த ஆள் ஒருவன்தான் இருக்கிறான். அது நீதான். இவனிடம் போய் எப்படி நிற்பதென்று கற்றுக்கொள்.”

எத்திராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. “துரை இன்னா சொல்றாரு ரைட்டரே? கையெழுத்துப் போட்டுட்டு எம் பேரை அடிச்சிட்டாரா?”

மொழிபெயர்ப்பது என் வேலை அல்லவா? ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன் — நிமிர்ந்து நின்றுகொண்டு.