ரோஜா நிற முனை

கூரியர் தம்பி பொட்டலத்தை இரண்டு கைகளாலும் சுமந்து வந்து வாசலில் இறக்கினான். "என்னா அங்கிள், இவ்ளோ பெராட்டா இருக்கு? உள்ள கல்லா?" கனக்கத்தான் செய்யும், இரும்புக் கம்பி என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. சுங்கைப்பட்டாணி வீட்டின் பின்பக்கம் சின்ன லேத் மிஷின் ஒன்று வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளுக்குப் பித்தளைப் பம்பரம் கடைந்து தருவதுதான் இப்போது என் உத்தியோகம். பழைய மோட்டார் சைக்கிள் பிஸ்டன் என் மேசையில் பேனாக் குவளை ஆகியிருக்கிறது. அலுமினியக் கதவுச் சட்டம் முறுக்குக் குழலாகி, ஒரு தீபாவளிக்கு முறுக்கும் பிழிந்தது. சுமாரான முறுக்குதான்.

பொட்டலத்தைப் பிரித்ததும் எண்ணெய் வாசம் வந்தது. அவ்வளவுதான், இளவயதில் வேலை பார்த்த குருண் தொழிற்சாலையின் ஸ்டோர் வாசலுக்கே போய்விட்டேன்.

அங்கே கம்பிகளுக்கெல்லாம் ஒரு முனையில் பெயிண்ட் அடித்திருக்கும். பித்தளை, செம்பு என்றால் பார்த்தாலே தெரியும். எஃகு வகைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்குமே! அதனால் மைல்ட் ஸ்டீலுக்குச் சிவப்பு, கடினமான எஃகுக்கு நீலம் என்று சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். நிறமில்லாத முனையிலிருந்துதான் வெட்ட வேண்டும். நிறம் போய்விட்டால் கம்பி அநாதை.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவள் ஸ்டெல்லா. கம்பி எடுத்துக் கொடுப்பதும் எழுதி வைப்பதும் அவள் வேலை. எல்லாரும் அவளுக்கு அண்ணன்தான். சுப்பையா அண்ணே, முத்து அண்ணே என்று வாய் ஓயாது. என்னை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். "நீங்க", "இந்தாங்க" என்பதோடு சரி. என் பெயர் அவளுக்கு மனதில் நிற்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

விரல் நீளத்துக்குக் குறைந்த துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அனுமதி இருந்தது. எனக்காக அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பாள். வீட்டில் ஒரு பொம்மை நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தேன். அச்சுக்கு ஒரு சாண் கம்பி வேண்டும், துண்டுகளில் அகப்படவில்லை என்று ஒருநாள் அவளிடம் புலம்பினேன்.

அடுத்த வாரம் டின்னில் சரியாக ஒரு சாண் கம்பி இருந்தது. முனையில் ரோஜா நிறம். அட்டவணையைப் பார்த்தேன், அப்படி ஒரு நிறமே இல்லை. யாரோ தப்பாக அடித்துவிட்டார்கள், கம்பெனிக் கம்பி தவறி டின்னில் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். சாணைக் கல்லில் வைத்துப் பார்த்தேன். தீப்பொறி நீளமாக, அதிகம் கிளைக்காமல் பறந்தது. மைல்ட் ஸ்டீல். தின்னரால் ரோஜா நிறத்தைத் துடைத்து, பளிச்சென்று சிவப்பு அடித்து அவளிடமே எடுத்துப்போனேன்.

"கலர் தப்பா இருந்துச்சு ஸ்டெல்லா. சரி பண்ணிட்டேன்."

அவள் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி லா. ரேக்ல வச்சிடுங்க."

மறுநாள் முதன்முதலாக என்னை "அண்ணே" என்று கூப்பிட்டாள். மரியாதை கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்!

சில மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். நீட்டிய கையில் நகச்சாயம். அதே ரோஜா நிறம்.

"ஸ்டெல்லா, அந்தக் கம்பி..."

"அலோர் ஸ்டார் கடையில வாங்குனது அண்ணே. ஒங்களுக்குத்தான்" என்று சிரித்தாள். "கண்டிப்பா சர்ச்சுக்கு வரணும்."

அவள் போனதும் ரேக்குக்கு ஓடினேன். அதற்குள் யார் யாரோ வெட்டி மிச்சம் வைத்த கம்பிகள் குவிந்திருந்தன. எல்லா முனையும் சிவப்பு. எது அவளுடையது என்று தெரியாதபடி செய்தவன் நானேதான்.

எஞ்சினை நான் முடிக்கவில்லை. அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கிடங்கு. அட்டவணையை எந்தக் குப்பையில் போட்டார்களோ. இன்று வந்த கம்பிகளில் வெள்ளை ஸ்டிக்கர்தான், எண்ணெய் பட்டதும் உரிந்துவிட்டது. முனையில் எந்த நிறமும் கிடையாது. தெரிந்தும், வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறேன்.