உறைந்துபோன விளக்கெண்ணெய்

எழுதுவதற்கு நான் ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் இன்றைக்கும் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். அப்படிப்பட்டவள், அதுவும் பேதிக்குக் குடித்த கதையை எழுத வந்ததற்கு வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வாரம் என் மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். வாசனைத் தைலத்தில் சில சொட்டுகளை வெந்நீரில் விட்டுக் குடித்தால், பெருங்குடலில் வருஷக்கணக்காய்ப் படிந்த அழுக்கெல்லாம் கழன்று வந்துவிடுமாம். சின்னப் போத்தல் ஒன்றைத் தபாலில் வரவழைத்தும் விட்டாள். அவள் மூடியைத் திறந்ததும் எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். அது எங்கள் மாமாவின் வாசனை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை, எங்களுடையது. அப்பா மலையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா, குவைத்தில் வீட்டு வேலைக்கு இரண்டு வருஷம் போகப் பெயர் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை பதுளையில் மெடிக்கல். பாஸானால் பயணம், ஃபெயிலானால் வீடு. எனக்கு விளங்கியது இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பென்சிலைக் கடித்துக் கடித்தே தீர்த்தேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, லுணுகலைக்குப் போகிற வழியில் யூக்கலிப்டஸ் இலையைக் காய்ச்சித் தைலம் எடுக்கிற கொட்டகையில் வேலை செய்தார். ‘தெரியாது’ என்று மாமா சொல்லி யாரும் கேட்டதில்லை. மெடிக்கலில் எக்ஸ்ரே எடுப்பார்கள் என்று அறிந்ததும், தேத்தண்ணிக் கோப்பை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சாயம் கறுப்பாய்ப் படிந்திருந்தது.

“பாருக்கா. ரெண்டு வருசத்துக் கோப்பைக்கே இந்தக் கறை. ஒங் குடலு முப்பது வருசமா தேத்தண்ணி குடிச்சிருக்கு. எக்ஸ்ரேல கன்னங்கரேல்னு தெரியாதா? தெரிஞ்சா அனுப்புவாங்களா?”

பிறகு துணியில் தைலத்தை நனைத்து, அடுப்புச் சாம்பலையும் கொஞ்சம் தொட்டுக் கோப்பையைத் தேய்த்தார். கோப்பை வெளுத்தது. சாம்பலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அம்மா அதை முழுதாக நம்பினார். ஒரு வாரம் தேத்தண்ணியைத் தொடவில்லை. மலையில் வெறும் வெந்நீர் குடித்துவிட்டுத் தலைவலியோடு வீடு வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா மருந்து கூட்டினார். அரை டம்ளர் விளக்கெண்ணெய், அதில் ஒரு கரண்டி தைலம். “விடிஞ்சதும் வெறும் வயித்துல ஒரே மடக்கு. பொழுது சாயறதுக்குள்ள குடலு கண்ணாடி!” என்று சொல்லி, சாமிப் படத்தடியில் தட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டு, ராத்திரி எங்களோடேயே தங்கினார். அம்மா ஒவ்வொரு காம்பராவாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆறு காம்பராவுக்கு ஒரே கக்கூஸ். பேதிக்குக் குடிப்பவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவது எங்கள் லயத்து வழக்கம்.

ஞாயிறு காலை அம்மா பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனதும் நான் எழுந்தேன். அழுக்கு உள்ளே இருந்தால் அம்மா வீட்டில் இருப்பார். டம்ளரை வாசலோரச் சாக்கடைக் கானில் கவிழ்த்தேன். அதற்குப் பதிலாக ஊற்ற, தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தால், குளிரில் அது கல்லாய் உறைந்திருந்தது. அக்குளில் வைத்தேன், அடுப்படியில் வைத்தேன், ஒருவாறு உருக்கி அரை டம்ளர் ஊற்றினேன். வாசனைக்காக விளிம்பில் மாமாவின் போத்தலிலிருந்து தைலத்தைத் தடவினேன்.

அம்மா வரவில்லை. பீலியில் பேச்சுச் சத்தம் கேட்டது. தட்டைத் தூக்கிப் பார்த்தேன். எண்ணெயின் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு வளையம். வாசலுக்கு ஓடினேன், வந்து தூக்கினேன், வளையம் தடித்திருந்தது. அடுப்புப் பக்கம் கொண்டுபோனேன், மாமா புரண்டு படுத்தார், திரும்ப வைத்தேன். அம்மா குடத்தோடு நுழைந்தபோது டம்ளர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

அம்மா தட்டை எடுத்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அடுப்பை ஊதினேன். அது ஏற்கனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஒரே மடக்கு.

“எப்படிக்கா?” என்று மாமா பாயிலிருந்தே கேட்டார்.

“கசக்குதுடா.”

அதன்பின் லயமே காத்திருந்தது. எட்டு மணி, பத்து மணி. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா வாளியை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். “என்னா தம்பி, ஒன் தைலம் இன்னும் பஸ்ஸு ஏறலையா?”

“வரும் பெரியம்மா. மடுல்சீம பஸ்ஸு மாதிரி. லேட்டானாலும் நெறைய ஏத்திக்கிட்டு வரும்.”

வரவில்லை. மாமா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். அவருக்குப் பின்னால் நானும் நடந்தேன். அம்மா மட்டும் துணி துவைத்தார், ரசம் வைத்தார், எனக்குத் தலை வாரினார். பொழுது சாய்ந்ததும் மாமா பொறுக்கமாட்டாமல், “இன்னொரு டம்ளர் கூட்டுறேன்க்கா, மெடிக்கல்ல மாட்டிக்குவ” என்றார்.

“போதும்டா. ஒரு தரம் குடிச்சாச்சு” என்றார் அம்மா.

பிற்பாடு இதைக் கேள்விப்பட்ட தோட்டத்து மருந்துக்காரர், அது பூசுகிற தைலம், கரண்டிக் கணக்கில் குடித்தால் ஆளே போயிருப்பார் என்று மாமாவை ஏசினாராம். அதனால் மகளின் போத்தலை அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். அவளுக்கு எட்டாத உயரமில்லை, சொன்னால் கேட்பாள்.

அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். நானே பிள்ளை பெற்று, மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலை அதற்கு விளக்கெண்ணெய் ஊற்றும்போதுதான் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊர்க் குளிருக்கு விளக்கெண்ணெய் உறையாது. தேங்காயெண்ணெய்தான் உறையும். தினமும் அதை அடுப்படியில் உருக்கித் தலைக்கு வைக்கிற அம்மாவுக்கு இது தெரியாதா? கறை இருந்தால் அனுப்பமாட்டார்கள் என்று நம்பிக்கொண்டே, அது கறையைப் போக்காத எண்ணெய் என்று தெரிந்தே குடித்திருக்கிறார். போக மனமில்லை என்று அந்த வீட்டில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. அன்று அந்த ஒரே மடக்கில் சொன்னது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அம்மா முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனார். நெஞ்சை மட்டும் எக்ஸ்ரே எடுத்தார்களாம். பாஸ்.