பன்னிரண்டாவது சத்தம்

ஷாமராவ் சௌகுலே எங்கள் ஊசி அறை வாசலிலிருந்து இரண்டு முறை ஓடிப்போனவர். மூன்றாவது முறை அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள் அவர் மனைவி ஷாலன்.

புராஸ்டேட் சுரப்பியில் சந்தேகம். பின்பக்கமாக ஊசி விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் புற்றுநோயா இல்லையா என்று தெரியும். மனிதரோ கோல்ஹாப்பூர்–கார்கோட்டி சிவப்பு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். யார் வாய்ப்பேச்சையும் நம்பியவரில்லை. பால்காரர் ஊற்றிய பாலை அவர் கண்ணெதிரிலேயே விரலில் தொட்டுப் பார்ப்பாராம்.

"கல்யாணமான மறுநாளே எங்கப்பாகிட்ட டிக்கெட் கேட்ட புண்ணியவான் இவரு," என்றாள் ஷாலன்.

"எடுத்திருந்தாரான்னு கேளு மாவ்ஷி. எடுக்கலை!" என்றார் அவர்.

மாவ்ஷி, அதாவது சித்தி, நான்தான். பெயர் ஹௌசாபாய். பத்தொன்பது வருஷமாக அந்த அறையில் ஆயா. ஊசி போடும்போது படுத்திருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வது என் வேலை.

அன்று அவருக்கு முன்னால் நான்கு பேர். வெளியே வந்த ஒவ்வொருவரையும் மறித்து, "வலிச்சுதா?" என்று விசாரணை. "எறும்பு கடிச்ச மாதிரி, அவ்வளவுதான்," என்றார்கள் முதல் மூன்று பேரும். நான்காவது ஆள் காது மடங்கிய பயில்வான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து அவரும், "எறும்பு கடி," என்றார்.

ஷாமராவ் என் பக்கம் திரும்பினார்.

"இங்க பாரு மாவ்ஷி. பஸ்ல நாலு பேரு ஒரே மாதிரி 'இப்பத்தான் ஏறினேன்'னு சொன்னா, நாலு பேருகிட்டயும் டிக்கெட் இல்லைன்னு அர்த்தம். யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. யாரது?"

எனக்குச் சுருக்கென்றது. துடைத்துவிட்டு பைஜாமா நாடாவைக் கட்டிவிடும்போது ஒவ்வொருவர் காதிலும் நான்தான் ஓதுவேன்: வெளியே இருக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள், எறும்பு கடி என்று சொல்லுங்கள். இரக்கப்பட்டுச் செய்தது. கையும் களவுமாகப் பிடிபட்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமாய்யா, நான்தான்! வலிக்கும், போதுமா? மரத்துப்போக முதல்ல போடற ஊசி சுள்ளுன்னு எரியும். அப்புறம் பன்னிரண்டு தடவை 'டக்'னு சத்தம் வரும். பாதி தெரியாது, மீதி நல்லாவே தெரியும். ரெண்டு மூணு நாளு மூத்திரத்துல ரத்தம் வரும். இப்ப ஓடறதுன்னா ஓடு. ஷாலனுக்கு நான் டீ வாங்கிக் குடுத்துக்கறேன்."

அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே, சத்தம் பழகட்டும் என்று டாக்டர் கருவியை ஒரு தரம் வெறுங்காற்றில் அழுத்திக் காட்டினார். டக். "அட, என் டிக்கெட் பஞ்ச் மாதிரியே இருக்கே," என்றார் ஷாமராவ். அப்புறம் ஒவ்வொரு 'டக்'குக்கும் நர்ஸ் ஒரு துணுக்கை ஒரு சீசாவில் போட, அவர் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஆறாவதில் "அய்யோ, ஆயீ!" என்று அம்மாவைக் கூப்பிட்டு அலறினார். ஒன்பதாவதில் என் விரல்கள் நொறுங்கின. ஆனாலும் எண்ணுவதை நிறுத்தவில்லை.

"முடிஞ்சுது பெரியவரே. பன்னிரண்டு," என்றார் டாக்டர்.

"பதினொண்ணு."

"வலியில எண்ணிக்கை தப்பியிருக்கும்."

"வலியில வேட்டிகூட தப்பும் டாக்டர். எண்ணிக்கை தப்பாது. சீசாவை எண்ணிப் பாருங்க."

டாக்டரையே சந்தேகப்படுகிறாரே என்று எனக்கு மானம் போயிற்று. நர்ஸ் சீசாக்களை எண்ணினாள். பதினொன்றில்தான் துணுக்கு இருந்தது. ஒன்று காலி. டாக்டர் முகம் சுண்டிப்போய், வெறுங்காற்றில் அழுத்தியதையும் சேர்த்து எண்ணிவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

இரண்டு முறை ஓடிய மனிதர். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். "போடுங்க," என்று என் கையை இறுக்கிக்கொண்டார். பன்னிரண்டாவதற்கு அவர் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

வெளியே அடுத்த ஆள் வெளிறிப்போய் நின்றார். எறும்பு கடி என்று சொல்ல என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"வலிக்கும். மொத்தம் பன்னிரண்டு. எண்ணிக்கிட்டே இரு, முடிஞ்சுடும்," என்றார் ஷாமராவ். அந்த ஆள் ஓடவில்லை. தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டோடு வந்தார்.

"மாவ்ஷி, பதினொண்ணும் சுத்தம்."

"அம்பாபாய் காப்பாத்திட்டா!" என்று எங்கள் ஊர் அம்மனை நினைத்துக் கைகூப்பினேன்.

"பொறு. கடைசி சீட்டுல இருந்தவன்கிட்டதான் டிக்கெட் இல்லை. பன்னிரண்டாவதுல இருக்கு. ஆரம்பம்தானாம், குணமாக்கிடலாம்னு டாக்டர் சொல்றாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. பழைய சந்தேகப் பார்வையோடு என் முகத்தைப் பார்த்தார்.

"நீ சொல்லு. வைத்தியம் வலிக்குமா?"

"வலிக்கும்," என்றேன்.

"சரி, அப்ப வைத்தியத்துக்கு வரேன்," என்றார்.