புது ட்ரவுட்டுக்கு எந்த ஃப்ளை?

1. தோற்ற சனிக்கிழமை

பிளசன்டன் பக்கம் ஏரிக்கரைத் தூண்டில் கடையில் எனக்கு ஒரு மாத ட்ரையல். இருபது வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்து, லே ஆஃப் ஆகி, வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் நான். இந்தக் கடை வேலையை இழக்க எனக்கு மனசே இல்லை.

ஃப்ளை என்றால் நிஜ ஈ இல்லை. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி. எந்த மாதம் எந்தப் பூச்சி பறக்கும் என்று மூன்று புத்தகங்களை உருப்போட்டிருந்தேன். கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

முதல் கஸ்டமர் மில்பிடாஸ் கார்த்திக், கூடவே மனைவி சுதா. மெல்லிய இறகு வைத்த அழகான ஃப்ளைகளாகப் பொறுக்கிக் கொடுத்தேன். மாலையில் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

"ஆன்ட்டி, மீனுக்கு இது பிடிக்கலையா, இல்ல எங்க மூஞ்சியே பிடிக்கலையா?" என்றாள் சுதா.

அன்றைக்கு வந்த எல்லோருக்கும் இதே கதிதான். கடை முதலாளி டெப்பி ஆங்கிலத்தில் இனிமையாகவே சொன்னார், அடுத்த சனிக்கிழமையும் இப்படி என்றால் ட்ரையல் அத்தோடு சரி என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை.

2. லாரி

வெள்ளிதோறும் மீன் பண்ணை லாரி வந்து ட்ரவுட் மீன்களை ஏரியில் இறக்கும். இந்த முறை நானும் படகுத் துறைக்குப் போய் நின்றேன். டிரைவர் விளையாட்டாக ஒரு கைப்பிடி பெல்லட்டை, அந்தப் பழுப்பு உருண்டைத் தீனியை, தண்ணீரில் எறிந்தார். அவ்வளவுதான், மீன்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன.

எனக்குச் சுரீரென்றது. தொட்டியில் வளர்ந்த மீன் இது, பெல்லட்டைத் தவிர எதையும் தின்றதில்லை. அதற்குப் போய்ப் பூச்சிப் பாடம் நடத்தியிருக்கிறேனே!

கடைக்கு ஓடி, யாரும் சீண்டாத ஒரு டப்பாவைத் தேடி எடுத்தேன். மான் முடியை உருண்டையாகக் கத்தரித்த பழுப்பு ஃப்ளை. சுண்டைக்காய் வற்றல் சைஸ், பார்க்க அச்சு அசல் பெல்லட்.

3. தொப்

"ஆன்ட்டி, இது வத்தக்குழம்புக்கா?" என்று சிரித்தான் மறுநாள் சுதாவோடு வந்த கார்த்திக்.

"சிரிக்காதப்பா. லாரி நேத்துதான் வந்துது. மீனெல்லாம் இன்னும் இறக்கின இடத்துலயேதான் சுத்தும். துறை ஓரமாவே போடு."

கவுன்டரை டெப்பியிடம் விட்டுவிட்டு நானும் பின்னால் போனேன். கார்த்திக் வீடியோ பார்த்துப் பழகியபடி ஃப்ளையைப் பூப்போல இறக்கினான். அரை மணி நேரம் ஒன்றுமில்லை.

"குடுங்க இப்படி" என்று தூண்டில் ராடைப் பிடுங்கி வீசினாள் சுதா. அவள் அதைத் தொட்டதே அன்றுதான். ஃப்ளை தொப்பென்று விழுந்தது.

"ஐயோ, அப்படிப் போட்டா மீன் ஓடிடும்!" என்று கத்தினான் கார்த்திக்.

எங்கே ஓடியது? தூண்டில் லைன் விறைத்தது. தீனி விழும் சத்தமும் அப்படித்தானே!

"ஆன்ட்டி, மாட்டிடுச்சு! கடவுளே, நான் வெஜிடேரியன், இத என்ன பண்றது?"

கரையே கைதட்டியது. முட்டிவலியை மறந்து நான் குதித்தேன். அன்று மதியத்துக்குள் அந்த டப்பா காலி.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு மூன்று வாரத்தில் லாரியில் வந்த மீனும் ஏரிப் பூச்சியைத் தின்னப் பழகிவிடும், அப்போது குட்டிக் கறுப்பு ஃப்ளையை எடுங்கள். அதுவரை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மீன் நேற்று என்ன சாப்பிட்டது என்று விசாரியுங்கள்.

சாயங்காலம் டெப்பி கடைச் சாவியை என் கையில் வைத்தார். "மன்டே நான் வர லேட்டாகும். நீயே திறந்துடு."